தெருவில ஆடுறதுக்கு ஒரு நியாயம்

(எமது சங்கத்தின் பொதுக்கூட்டத்தில், குவைத் நாட்டின் ஃபர்வானியாவில் இருந்து கைத்தொலைபேசி வழியாக ஓர் அன்பர் ஆற்றிய உரை. அவருடைய பேச்சு வழக்கைப் பெரிதும் மாற்றாமல் தந்திருக்கிறோம். – மலர்க்குழு)



எனக்கு மேடைப் பேச்சுப் பழக்கமில்லை. நான் ஒரு தொழிற்சாலைத் தொழிலாளி. பிளாஸ்ரிக் போத்தல் செய்கிற இயந்திரத்துக்குப் பக்கத்தில் பன்னிரண்டு மணித்தியாலம் நிற்கிறவன். என்னுடைய படிப்பு 2010 இல் உயர்தரத்தோட முடிஞ்சுது. உங்கட சங்கத்தில் அங்கத்தவராக இருக்கிற என்ர அக்காதான், "நீ ஊரில காவடி ஆடினனி, அதைப் பற்றி எங்கட ஆக்களுக்கு ரெண்டு வார்த்தை சொல்லு" எண்டு பிடிச்சு இருத்தியிருக்கிறா. இண்டைக்கு வெள்ளிக்கிழமை, எனக்கு லீவு. ஆனபடியால் கொஞ்சம் நீட்டித்தான் கதைப்பன். பொறுத்துக்கொள்ளுங்கோ.

சங்கத்துக்கு முன்னால் இப்ப ரெண்டு யோசனை இருக்குது எண்டு அக்கா சொன்னா. ஒன்று, வழக்கம் போல ஒரு பெரிய மண்டபம் எடுத்து, சென்னையில் இருந்து பாட்டுக்காரரைக் கூப்பிட்டு, ரிக்கற் வித்து ஒரு கலைமாலை வைப்பது. மற்றது, வாற ஓகஸ்ட் மாதத்தில், சங்கக் கட்டடத்தில் இருந்து பூங்கா வரைக்கும், எங்கட பிள்ளைகளும் பெரியவர்களுமே கரகம், காவடி, கும்மி, கோலாட்டம், பறை எண்டு தெருவில் ஆடிக்கொண்டு போகிற ஓர் ஊர்வலம் வைப்பது. இந்த ரெண்டாவது யோசனைக்குத்தான் நான் ஆதரவாகக் கதைக்கப் போகிறேன். "லண்டனில நடக்கிற விசயத்துக்கு குவைத்தில இருக்கிற உனக்கென்ன?" எண்டு நீங்கள் கேட்கலாம். அதுக்கான பதில், நான் இருக்கிற தெருவில்தான் இருக்குது.

ஃபர்வானியா எண்டால் குவைத் விமான நிலையத்துக்குக் கிட்ட இருக்கிற, சனநெரிசலான இடம். மலையாளம், தமிழ், தெலுங்கு, வங்காளம், சிங்களம், அரபு எண்டு ஒரு சந்திக்குள்ளேயே அத்தனை மொழியும் கேட்கும். பக்காலாக் கடையில் ஊர்ப் பப்படமும் வாங்கலாம். ஆனால் தெருவில் நாங்கள் நடக்கிற நடை வேற. வேலைக்குப் போகிற நடை, கடைக்குப் போகிற நடை, காசு அனுப்பப் போகிற நடை. சட்டைப்பையைத் தொட்டு, பத்தாக்கா இருக்குதா எண்டு பார்த்துத்தான் படியிறங்குவோம். பத்தாக்கா எண்டால் இஞ்சத்தைய அடையாள அட்டை. அது இல்லாமல் சந்தி தாண்டக் கூடாது.

நான் அகதி எண்டு சொல்ல இஞ்ச ஒரு கடதாசியும் இல்லை. 1951 ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் குவைத் சேரவில்லை. 2009 இல் முள்ளியவளையில் இருந்து இடம்பெயர்ந்து, மெனிக் பாம் முகாமில் கம்பிக்குப் பின்னால் வரிசையில் நிண்ட குடும்பம்தான் எங்களுடையதும். அக்கா உங்களிட்ட வந்து அகதியானா. நான் இஞ்ச வந்து வேலையாள் ஆனேன். வித்தியாசம் அவ்வளவுதான்.

இந்த நாட்டில் ஊர்வலங்களையும் பொதுக்கூட்டங்களையும் பற்றி 1979 ஆம் ஆண்டில் ஒரு சட்டம் வந்தது, 65 ஆம் இலக்கச் சட்டம். குவைத்திக் குடிமக்கள் அல்லாதவர்கள் ஊர்வலத்திலோ பொதுக்கூட்டத்திலோ சேரக்கூடாது எண்டு அதில் இருக்குது. 2022 யூன் மாதத்தில் பகாகீல் பகுதியில் வெளிநாட்டு ஆக்கள் கொஞ்சப் பேர் வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிஞ்சு கூடி நிண்டு குரல் எழுப்பினார்கள். அவர்களைப் பிடிச்சு நாடு கடத்துவோம் எண்டு அரசாங்கம் அறிவித்தது. இதைக் குறையாக நான் சொல்ல வரவில்லை. என்ர அம்மாவின் மருந்துக் காசு இந்த நாட்டில் இருந்துதான் போகுது. அவரவர் நாடு, அவரவர் சட்டம். ஆனால் தெரு எண்ட ஒரு பொருள் இருக்குதே, அது சும்மா கிடைக்கிற பொருள் இல்லை எண்டதை எனக்குப் படிப்பித்தது இந்த ஊர்தான்.

தெருவில் ஆட்டமே இல்லாத நாடு இது எண்டும் நினைக்காதேயுங்கோ. பெப்ரவரி 25 தேசிய தினம், 26 விடுதலை தினம். அந்த நாட்களில் கடற்கரை வீதி முழுக்கக் கொடியும் வாகனமும் சனமும்தான். அர்தா எண்டு ஓர் ஆட்டம் ஆடுவார்கள். ஆண்கள் தோளோடு தோள் சேர்ந்து வரிசையாக நிண்டு, வாளைத் தூக்கி, மேளத்துக்கு மெல்ல மெல்ல அசைவார்கள். முந்திப் போருக்குப் போக முதல் ஆடின ஆட்டமாம். நோன்பு மாதத்தின் நடுவில் கர்கியான் எண்டு ஒன்று. சின்னப் பிள்ளைகள் பழைய பாணியில் உடுத்து, கழுத்தில் பையைக் கட்டி, வீடு வீடாகப் பாடிப்போய் இனிப்பும் கச்சானும் வாங்குவார்கள். நான் ஒதுங்கி நிண்டு பார்த்திருக்கிறேன். பார்க்கும்போது எனக்கு ஒன்று விளங்கும். அந்தப் பிள்ளைக்குத் தெருவில் பயம் இல்லை. தான் இந்தத் தெருவின் பிள்ளை எண்டு அது நடக்கிற நடையிலேயே தெரியும்.

இப்ப எங்கட கதைக்கு வாறன். போன தைப்பொங்கலுக்கு எங்கட கட்டடத்தின் மேல்தட்டில் நாங்கள் பன்னிரண்டு பேர் கூடினோம். மன்னார் அண்ணை ஒருத்தர், மட்டக்களப்புத் தம்பி ஒருத்தர், மிச்சம் தமிழ்நாட்டுப் பிள்ளைகள். பொங்கல் அறைக்குள் மின் அடுப்பில் முடிஞ்சுது. பிறகு ஆடுவோம் எண்டார்கள். மேளத்துக்கு எங்க போறது? வெறும் தண்ணிப் போத்தல் இருக்குதே, இருபது லீற்றர் பிடிக்கிற பெரிய போத்தல், அதைக் கவிழ்த்து வைத்து, புதுக்கோட்டைத் தம்பி ஒருவன் ரெண்டு குச்சியால் அடிச்சான். ஐயோ, அது ஓர் அடி! காலைத் தூக்காமல் நிற்க முடியாது. நான் வெறுந்தோளில் காவடி இருக்கிறதாக நினைச்சு ஆடினேன். கால் மணித்தியாலம்கூட இல்லை, காவல்காரர், இஞ்ச ஹாரிஸ் எண்டு சொல்லுறது, மேல வந்து "கலாஸ், கலாஸ்" எண்டார். போதும், நிறுத்துங்கோ எண்டு அர்த்தம். நல்ல மனிசன்தான். அவருக்கும் மேலிடத்துக்குப் பயம். நிறுத்திப்போட்டு இறங்கினோம்.

இறங்கி வரும்போது அந்தத் தம்பியைக் கேட்டேன், "எங்க பழகினனி?" எண்டு. அவன் சுத்தி ஒருக்கால் பார்த்துப்போட்டு, மெதுவாக, "எங்கப்பா சாவுக்கு மேளம் அடிக்கிறவருண்ணே, ரூம்ல யாருக்கும் சொல்லிடாதீங்க" எண்டான். இவ்வளவு வடிவாக அடிக்கிற பிள்ளை, தன்ர தகப்பனிட்ட இருந்து வந்த வித்தையை ஒளிச்சு வைச்சிருக்கிறான். இதைப் பிறகு திரும்பவும் சொல்லுவேன், மனதில் வைச்சிருங்கோ. இதை இஞ்ச சொல்ல அவனிட்ட அனுமதி கேட்டுத்தான் சொல்லுறன்.

அந்தத் தண்ணிப் போத்தலை நினைச்சுக்கொண்டிருக்கும்போதுதான், இரவு வேலை முடிஞ்சு படுக்கையில், நான் வாசிச்ச ஒரு கதை ஞாபகம் வந்தது. உங்கட லண்டனில் நொட்டிங் ஹில் கார்னிவல் எண்டு ஓகஸ்ட் கடைசியில் ரெண்டு நாள் நடக்குதே, அதின்ர கதை. உங்களில் கனபேர் அதை ரெயில் நெரிசலாகத்தான் அறிந்திருப்பீர்கள். அது எங்கட கதையும்தான்.

கரிபியன் கடலில் ரினிடாட் எண்ட தீவு. ஆபிரிக்காவில் இருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட சனம் விடுதலையான பிறகு, கரும்புத் தோட்டத்துக்கு வெள்ளைக்காரன் இந்தியாவில் இருந்து ஒப்பந்தக் கூலிகளைக் கப்பல் கப்பலாக இறக்கினான். சென்னைத் துறைமுகத்தில் இருந்து ஏறின ஆக்களும் அதில் இருந்தார்கள். தோட்டத்தை விட்டு வெளியில் போக அவர்களுக்குப் பாஸ் வேணும். பாருங்கோ, அந்தக் காலத்துப் பத்தாக்கா! வருசத்துக்கு ஒருக்கால் முஹர்ரம் ஊர்வலம் எடுப்பார்கள், ஹொசே எண்டு சொல்லுவார்கள். தப்பு அடிச்சு, அலங்காரக் கூடு தூக்கி, இந்துக்களும் முஸ்லிம்களும் ஆபிரிக்க ஆக்களும் ஒண்டாகத்தான் போவார்கள். 1884 இல் அந்த ஊர்வலம் பட்டணத்துக்குள் வரக்கூடாது எண்டு ஆட்சியாளர் தடை போட்டார்கள். சனம் வந்தது. ஒக்ரோபர் 30 ஆம் திகதி சான் பெர்னாண்டோ பட்டணத்து வாசலில் துவக்கால் சுட்டார்கள். குறைஞ்சது 16 பேர் செத்தார்கள். கையில் மேளம் வைத்திருந்த கூலிச் சனம்!

ஆபிரிக்க ஆக்களின் மேளத்துக்கும் அந்த 1880களிலேயே தடை வந்தது. மேளத்தைத் தடுத்தால் என்ன செய்தார்கள்? மூங்கிலை வெட்டி நிலத்தில் குத்தித் தாளம் போட்டார்கள். பிறகு 1930களில் பிஸ்கற் தகரம், குப்பை வாளி, கடைசியில் எண்ணெய்ப் பீப்பா. அந்தப் பீப்பாவின் தலையைத் தட்டிக் குழிச்சு, சுரம் பிரிச்சு, ஒரு புது வாத்தியமே கண்டுபிடிச்சார்கள். அதுதான் ஸ்ரீல் பான். 1951 இல் ரினிடாட்டில் இருந்து ஒரு ஸ்ரீல் பான் குழு லண்டனுக்கே வந்து பெரிய விழாவில் வாசிச்சது. தடுத்தவனின் தலைநகரத்திலேயே அந்தத் தகரம் பாடிச்சுது! எண்ணெய்ப் பீப்பா நிறைஞ்ச நாட்டில் இருந்துகொண்டு, தண்ணிப் போத்தலில் தாளம் போட்ட எனக்கு அது எப்பிடி இருந்திருக்கும் எண்டு யோசிச்சுப் பாருங்கோ.

லண்டனில் என்ன நடந்தது? 1958 ஓகஸ்ட் கடைசியில் நொட்டிங் ஹில் பகுதியில் கறுப்பு ஆக்களின் வீடுகளை வெள்ளை இளைஞர் கூட்டம் தாக்கினது. சனம் தெருவில் இறங்கப் பயந்தது. அப்ப குளோடியா ஜோன்ஸ் எண்ட பெண்மணி, ரினிடாட்டில் 1915 இல் பிறந்தவ, அமெரிக்காவில் வளர்ந்து, அரசியலுக்காகச் சிறைப்பட்டு, 1955 இல் அங்கிருந்து நாடு கடத்தப்பட்டவ, லண்டனில் பத்திரிகை நடத்திக்கொண்டு இருந்தா. சனத்தின் மனதில் இருக்கிற பயத்தைக் கழுவ வேணும் எண்டு, 1959 யனவரி 30 ஆம் திகதி சென் பங்கிராஸ் நகர மண்டபத்துக்குள் ஒரு கார்னிவல் வைத்தா. மாரிகாலம், ஆனபடியால் மண்டபத்துக்குள். அதுக்கு ஒரு மலரும் அடித்தார்கள். அந்த மலர் வித்த காசில் ஒரு பங்கு, கலவரத்தில் தண்டம் விதிக்கப்பட்ட கறுப்பு, வெள்ளைப் பிள்ளைகளின் தண்டப் பணத்துக்குப் போகும் எண்டு மலரிலேயே போட்டிருந்தார்கள். இந்தப் புத்தாண்டு மலருக்கு விளம்பரம் சேர்க்க அலையிற தம்பிமாருக்கு இது ஒரு ஆறுதல்!

அதே 1959 மே மாதத்தில், அன்ரிகுவாவில் இருந்து வந்த கெல்சோ கொக்ரேன் எண்ட 32 வயதுத் தச்சுத் தொழிலாளியை அந்தப் பகுதித் தெருவில் குத்திக் கொண்டார்கள். கொலைக்கு ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. ஆனால் அவருடைய செத்தவீட்டுக்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட சனம் தெருவுக்கு வந்தது.

பிறகு 1966. ரோன் லாஸ்லெற் எண்ட சமூக சேவகி அந்தப் பகுதிப் பிள்ளைகளுக்காக ஒரு தெரு விழா வைத்தா. பல நாட்டுப் பிள்ளைகள், ஏழைப்பட்ட வீடுகள். ரஸ் ஹென்டர்சன் எண்ட ரினிடாட் கலைஞரும் கூட்டாளிகளும் ஸ்ரீல் பானைக் கழுத்தில் தொங்கவிட்டு வாசிச்சுக்கொண்டு தெருவால் நடந்தார்கள். வீடுகளில் இருந்த சனம் பின்னால் வந்தது. அவ்வளவுதான் தொடக்கம்! நாலைஞ்சு வாத்தியம், கொஞ்சப் பிள்ளைகள், ஒரு தெரு. இண்டைக்கு ரெண்டு நாளில் பத்து லட்சம் சனம் வருகிற விழாவாக நிற்குது. இடையில் பிரச்சினை இல்லை எண்டு சொல்ல மாட்டேன். 1976 இல் பொலிசுக்கும் இளைஞருக்கும் பெரிய மோதல் நடந்தது. அதுக்காக அவர்கள் வீட்டுக்குத் திரும்பவில்லை. ஒழுங்கு செய்யப் பழகிக்கொண்டார்கள்.

இதில் நாங்கள் படிக்க வேண்டியது என்ன? குளோடியா ஜோன்ஸ் மண்டபத்துக்குள் செய்ததும் பெரிய வேலைதான். ஆனால் மண்டபத்துக்குள் நாங்கள் எங்களுக்குத்தான் ஆடுகிறோம். தெருவில் ஆடும்போது, எதிர் வீட்டு வெள்ளைக்காரக் கிழவிக்கும், பாண் கடைத் துருக்கிக்காரருக்கும், பக்கத்து வீட்டுச் சோமாலியப் பிள்ளைக்கும் சொல்லுகிறோம்: நாங்கள் இஞ்ச இருக்கிறோம், ஒளிச்சு இருக்கவில்லை எண்டு. அகதியாக வந்தவனுக்கு இதை விட வேற என்ன பதிவு வேணும்?

எங்கட ஆக்களுக்குத் தெரு ஆட்டம் புதுசும் இல்லை. எங்கட வற்றாப்பளை அம்மன் பொங்கலை எடுத்துக்கொள்ளுங்கோ. வைகாசி மாதத்தில், சிலாவத்தைக் கடலில் தீர்த்தம் எடுத்து, ஊர் ஊராக நடந்து வந்து, முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலில் கடல் தண்ணியில் விளக்கேற்றி, பிறகு வற்றாப்பளைக்குப் போகிற வழக்கம். பொங்கலண்டு காவடிகள் எத்தனையோ கட்டை தூரம் ஆடிக்கொண்டு வரும். வழியில் வீடுகளுக்கு முன்னால் நிறைகுடம் வைப்பார்கள், மோர் கொடுப்பார்கள். ஆடுகிறவன் ஆரெண்டு கேட்டால், நேற்று வயலில் நிண்டவன், நாளைக்கு மீன்பிடிக்கப் போகிறவன். மேடைக் கலைஞன் ஒருத்தரும் இல்லை. சென்னையில் இருந்தும் ஒருத்தரும் வரவில்லை!

லண்டனிலேயும் ஈலிங் கனகதுர்க்கை அம்மன் தேருக்கு ஓகஸ்ட் மாதத்தில் வீதி மூடி, காவடியும் கற்பூரச் சட்டியும் போகுது. பாரிசில், லாச்சப்பல் பகுதியில், 1985 இல் தொடங்கின மாணிக்க விநாயகர் கோயில் தேர் வருது. தேங்காய் மலை மலையாக உடையும், பிரெஞ்சுச் சனம் ரெண்டு பக்கமும் நிண்டு பார்க்கும். அப்ப எங்களால் ஏலாது எண்டு ஒரு கதையும் இல்லை.

"அப்ப கோயில் தேர் இருக்குதே, சங்கம் ஏன் தனியாகச் செய்ய வேணும்?" எண்டு ஓர் ஐயா கேட்டதாக அக்கா சொன்னா. நல்ல கேள்வி ஐயா. கோயில் தேர் சாமிக்கு. அது அப்பிடியே இருக்கட்டும். ஆனால் எங்கட சங்கத்தில் மன்னார், பாசையூர்க் கத்தோலிக்கக் குடும்பங்கள் இருக்கினம். அவையளிட்ட நாட்டுக்கூத்து இருக்குது. மட்டக்களப்பு ஆக்களிட்ட வடமோடியும் தென்மோடியும், வசந்தன் ஆட்டமும், பறைமேளக் கூத்தும் இருக்குது. எங்கட முல்லைத்தீவுக்கு எண்டு கோவலன் கூத்து இருக்குது. மலையகத்து ஆக்களிட்ட காமன் கூத்து இருக்குது. இவை எல்லாம் ஒரே வரிசையில் போக ஒரு தெரு வேணும். அந்தத் தெருவைத் தரக்கூடியது சங்கம் மட்டும்தான்.

இன்னும் ஒன்று. தெரு ஆட்டத்துக்கு உயிர் மேளம்தான். சிங்கப்பூரில் தைப்பூசக் காவடி ஊர்வலத்தில் வாத்தியம் வாசிக்கக் கூடாது எண்டு 1973 இல் தடை வந்தது. நாற்பது வருசத்துக்கு மேல் காவடிக்காரர் மேளம் இல்லாமல் நடந்தார்கள். சனம் திரும்பத் திரும்பக் கேட்டு, 2016 இல்தான் வழியில் மூண்டு இடத்தில் நிண்டு வாசிக்க விட்டார்கள். காவடி தோளில் இருந்தாலும், மேளம் இல்லாமல் கால் எழும்பாது. ஆனபடியால் உங்களிட்ட ஒரு வேண்டுகோள். லொறியில் பெரிய ஒலிபெருக்கி கட்டி, சினிமாப் பாட்டைப் போட்டு, பிள்ளைகளைப் பின்னால் ஆடவிடாதேயுங்கோ. பாட்டுக்கு வாயசைக்கிற பிள்ளை வேற, கையால் அடிக்கிற மேளத்துக்குக் காலை வைக்கிற பிள்ளை வேற.

மேளம் எண்டதும் பறைக்கு வருகிறேன். இதைச் சொல்லும்போது சில பேருக்கு முகம் சுளிக்கும். பரவாயில்லை, நான் தூரத்தில் இருக்கிறேன்! எங்கட ஊரில் பறை அடிக்கிற குடும்பத்தை நாங்கள் எப்பிடி நடத்தினோம் எண்டு எல்லாருக்கும் தெரியும். அம்மன் கோயில் பொங்கலுக்குப் பறை வேணும், செத்தவீட்டுக்குப் பறை வேணும், ஆனால் அடிக்கிறவருக்கு முற்றத்தில் சிரட்டையில்தான் தண்ணி. கடல் தாண்டி வந்தும் அந்தச் சிரட்டையை நாங்கள் பெட்டிக்குள் வைத்துக்கொண்டுதான் வந்திருக்கிறோம். உங்கட கூட்டத்தில் "பறை வேண்டாம், தவில் மட்டும் போதும், பறை அபசகுனம்" எண்டு ஒரு குரல் வந்ததாம். தவில் எங்கட பெருமைதான், அதில் மறுப்பில்லை. யாழ்ப்பாணத்துத் தட்சணாமூர்த்தி தவிலைக் கேட்க இந்தியாவே காது கொடுத்தது. ஆனால் பறையை விலக்கினால், பறை அடிச்ச சனத்தையும் சேர்த்துத்தான் விலக்குகிறோம்.

தமிழ்நாட்டில் பாருங்கோ. 2007 இல் சென்னை சங்கமம் எண்டு தொடங்கி, கிராமத்துக் கலைஞர்களைப் பட்டணத்துப் பூங்காவிலும் தெருவிலும் ஆடவிட்டார்கள். இடையில் நிண்டுபோய் 2023 இல் திரும்பத் தொடங்கினது. மதுரைப் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025 இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. சாவு மேளம் எண்டு ஒதுக்கின கருவிக்கு நாட்டின் விருது! அந்தச் செய்தியைப் புதுக்கோட்டைத் தம்பிக்குக் கைத்தொலைபேசியில் காட்டினேன். அவன் ரெண்டு தரம் வாசிச்சான். பிறகு அந்தப் படத்தைத் தன்ர அப்பாவுக்கு அனுப்பினான். சாதி அதோட ஒழிஞ்சுபோச்சுது எண்டு நான் சொல்லவில்லை. விருது ஒருத்தருக்கு, அவமானம் ஊருக்கெல்லாம். அதுதான் சொல்லுகிறேன், உங்கட ஊர்வலத்தில் பறை முன்னுக்குப் போகட்டும். எந்தச் சாதிப் பிள்ளை எண்டு கேட்காமல், விருப்பமான பிள்ளைகள் எல்லாருக்கும், பெட்டைப் பிள்ளைகளுக்கும், பறை பழக்குங்கோ. சாதி பார்க்கிற சங்கத்துக்குத் தெரு கிடைச்சும் பிரயோசனம் இல்லை.

அடுத்தது பயம். வயசான ஆக்கள் சொல்லுகினமாம், "எதுக்குத் தெருவில இறங்கிப் பிரச்சினை? பொலிஸ் வரும், பக்கத்து வீட்டுக்காரன் முறைப்பான்" எண்டு. அம்மாமாரே, ஐயாமாரே, அந்தப் பயம் எங்க இருந்து வந்தது எண்டு எனக்கும் தெரியும். எங்கட தெருவில் சோதனைச் சாவடி இருந்தது. வாகனம் நிண்டால் நெஞ்சு இடிக்கும். இருட்டினால் ஆரும் வெளியில் இறங்க மாட்டார்கள். 2020 இல் கொரோனாவுக்காக ஃபர்வானியாவைச் சுத்தி அடைச்சு, மே கடைசியில் இருந்து யூலை 26 வரைக்கும் எங்களை உள்ளே வைத்திருந்தார்கள். தடுப்புக்கு இந்தப் பக்கம் நிண்டு பார்க்கும்போது, எனக்கு மெனிக் பாம்தான் கண்ணுக்குள் வந்தது. இது நோய்க்கான அடைப்பு எண்டு அறிவுக்குத் தெரியும். உடம்புக்குத் தெரியாது. அந்த உடம்பைத் தெருவுக்குப் பழக்க வேணும். மேளத்தோட, பிள்ளைகளோட, ஊர்ச் சனத்தோட ஒருக்கால் தெருவில் நடந்தால் உடம்பு கொஞ்சம் மறக்கும். உங்கட பிள்ளைகளுக்கு அந்தப் பயம் இல்லை. நீங்கள் பழக்காமல் விட்டால் அது அவையளுக்கு வரவே வராது.

உங்கட நாட்டில் பொலிஸ் வரும்தான். வாகனத்தை மறிச்சு உங்களுக்கு வழி விடத்தான் வரும். முறைப்படி கேட்டால் தருகிற அனுமதியைக் கேட்காமல் விடுவது என்ன நியாயம்?

செய்கிறதெண்டால் எப்பிடிச் செய்யலாம் எண்டு, ஊரில் காவடி தூக்கின அனுபவத்தில் சில விசயம் சொல்லுகிறேன். முதல் வருசம் பெரிசாகச் செய்யாதேயுங்கோ. அரைக் கட்டை தூரம் போதும். ஆடிக்கொண்டு போகும்போது அரைக் கட்டைக்கு ஒரு மணித்தியாலம் எடுக்கும். வீதி மூட உள்ளூராட்சிச் சபைக்கு மாதக்கணக்கில் முந்தியே எழுதுங்கோ, காப்புறுதி எடுங்கோ. வழியில் இருக்கிற ஒவ்வொரு வீட்டுக்கும் ரெண்டு கிழமைக்கு முதல் பிள்ளைகளை அனுப்பி, ஒரு கடிதமும் ஒரு சரை பயத்தம் பணியாரமும் குடுங்கோ. பணியாரம் சாப்பிட்டவன் சத்தத்துக்கு முறைப்பாடு செய்ய மாட்டான்!

வரிசையைச் சரியாகப் பிரியுங்கோ. முன்னுக்குப் பறை. பிறகு கோலாட்டமும் கும்மியும், சின்னப் பிள்ளைகள். நடுவில் கரகம். அதுக்குப் பிறகு கூத்துக்காரர். கடைசியில் காவடியும் தவிலும். ரெண்டு மேளமும் கிட்டக் கிட்ட நிண்டால் தாளம் குழம்பும், ஆடுகிறவனின் கால் இடறும். ஐம்பது யார் இடைவெளி விடுங்கோ. கரகத்தை முதல் நாளே தெருவில் ஒருக்கால் வைத்து ஆடிப் பாருங்கோ, மண்டப நிலம் வேற, தார் ரோட்டு வேற. காவடி ஆடுகிறவருக்குப் பக்கத்தில் தண்ணியோட ஓர் ஆள் கட்டாயம் நடக்க வேணும். எங்கட ஊரில் காவடிக்காரனுக்குப் பக்கத்தில் மாமனோ மச்சானோ நடப்பார். அது சும்மா சடங்கு இல்லை, விழுந்தால் பிடிக்கத்தான்.

காசைப் பற்றியும் சொல்ல வேணும். பாட்டுக்காரருக்கு விமானச் சீட்டு, விடுதி, சம்பளம் எண்டு போகிற காசில், பத்துப் பறை, நாலு சோடி தவில், இருபது கரகம் வாங்கலாம். பாட்டுக்காரர் அடுத்த நாள் விமானம் ஏறிவிடுவார். பறை சங்கக் கட்டடத்திலேயே இருக்கும், அடுத்த வருசப் பிள்ளைக்கும் கை குடுக்கும். பழக்குகிற அண்ணாவிமாருக்குச் சம்பளம் குடுங்கோ. உங்கட ஊரிலேயே, பெற்றோல் நிலையத்திலும் கடையிலும் நிற்கிற எத்தனையோ பேர் ஊரில் அண்ணாவிமாராக இருந்தவர்கள். அவர்களை ஒருத்தரும் கேட்காமல் விட்டுவிட்டோம். கேளுங்கோ. உங்கட வீட்டுக்குப் பக்கத்திலேயே கலைஞன் இருக்கிறான்.

இப்பிடி எல்லாம் செய்தால், பத்து மாற்றில் பழுதில்லாத நிகழ்ச்சியாக இருக்குமோ எண்டு கேட்டால், இருக்காது. ஒரு பிள்ளை அடவை மறக்கும். ஒரு கரகம் விழும். மழை வந்தாலும் வரும், லண்டன்தானே! ஆனால் பார்த்துக்கொண்டு நிற்கிற ஓர் அம்மா, தன்ர மகள் பறையோட தெரு நடுவில் வருகிறதைக் காணுவா. அந்த மகளுக்குத் தான் ஆர் எண்ட கேள்விக்கு மேடைப் பேச்சில் கிடைக்காத பதில் கையில் கிடைக்கும்.

நீங்கள் வாக்கெடுக்கப் போகிறீர்களாம். எனக்கு அங்க வாக்கு இல்லை. எனக்கு இந்தத் தெருவிலும் வாக்கு இல்லை. ஆனபடியால் கேட்கத்தான் முடியும். உங்களுக்குக் கிடைச்சிருக்கிற தெருவை வெறுமையாக விடாதேயுங்கோ. நாங்கள் இஞ்ச கதவைப் பூட்டி, போத்தலைக் கவிழ்த்து, சத்தம் குறைச்சு ஆடுகிற ஆட்டத்தை, நீங்கள் அங்க வெயிலில், நடு வீதியில், பிள்ளைகளோட ஆடுங்கோ. ஓகஸ்ட் மாதத்தில் அப்பிடி ஒரு நாள் வந்தால், அக்கா கைத்தொலைபேசியில் காட்டுறன் எண்டு சொல்லியிருக்கிறா. அண்டைக்கு நான் இரவு வேலை கேட்டு எடுத்து, பகலில் முழிச்சிருந்து பார்ப்பேன். புதுக்கோட்டைத் தம்பியும் பார்ப்பான். பறை சரியாக அடிபடுதோ எண்டு அவன்தான் சொல்லுவான்!